கோரிக்கைக்கு ஒரு வரி: சர்வர் லாக் பற்றி வாசகர்கள் கேட்டவை

சர்வரில் ஓடும் வலைச் செயலிகளில் உள்ளே வரும் கோரிக்கைகளை எப்படிப் பதிவு செய்வது (அந்தப் பதிவுதான் லாக்), எவற்றைப் பதிவு செய்யவே கூடாது என்பது பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவர் கேட்டதன் தொடர்ச்சியாகவே இன்னொருவர் கேட்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மொத்த வியாபாரிகளிடமிருந்து ஆர்டர் பெறுவதற்கான ஒரு செயலியை ஜாங்கோவில் (பைத்தான் மொழிக்கான வலைக் கட்டமைப்பு) எழுதி, முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வருக்குப் பின்னால் ஓட்டுகிறோம். என்ஜின்எக்ஸ் தானாகவே ஆக்சஸ் லாக் எழுதிவிடுகிறது. அப்படியிருக்க, செயலிக்குள்ளும் ஒவ்வொரு கோரிக்கையையும் தனியாகப் பதிவு செய்வது அவசியமா? அவசியம் என்றால் எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: அவசியம்தான். என்ஜின்எக்ஸ் எழுதும் வரிக்கும் செயலி எழுதும் வரிக்கும் வேலை வேறு.

முதலில் என்ஜின்எக்ஸுக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம். இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ ஆய்வு மையம் உருவாக்கிய சர்வர் மென்பொருளிலிருந்து வந்தது ‘காமன் லாக் ஃபார்மட்’ என்ற வடிவம். ஐபி முகவரி, பெரும்பாலும் வெறும் கோடாகவே இருக்கும் இரண்டு பெயர்ப் புலங்கள், நேரம், கோரிக்கையின் முதல் வரி, நிலைக் குறியீடு, அனுப்பிய பைட்டுகள் ஆகியவை அதில் இருக்கும். அத்துடன் ரெஃபரரும் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்) யூசர் ஏஜென்ட்டும் (எந்த உலாவி) சேர்ந்தால் அது ‘கம்பைண்டு’ வடிவம். நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் எழுதுவது இதைத்தான். கோரிக்கைக்குப் பதில் தர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது இந்த வடிவத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை நாமாகத்தான் சேர்க்க வேண்டும்.

இப்போது ஒரு வியாபாரி தொலைபேசியில் அழைத்து, ‘பதினொன்றே முக்கால் வாக்கில் ஆர்டரை உறுதி செய்தேன், ஏதோ பிழை என்று வந்தது’ என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின்எக்ஸ் லாக்கைத் திறந்தால் அந்தக் கால் மணி நேரத்தில் சர்வரில் பிழை என்று பொருள்படும் 500 என்ற நிலைக் குறியீட்டுடன் ஐந்து வரிகள் இருக்கின்றன. அவற்றில் எது அவருடையது? ஐபி முகவரியை வைத்துச் சொல்ல முடியாது; மொபைல் நெட்வொர்க்குகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். யார் கேட்டார், செயலியின் எந்தப் பகுதி பதில் சொன்னது, தரவுத்தளத்தை எத்தனை முறை கேட்டது, எந்தப் பிழை எழுந்தது என்பவையெல்லாம் செயலிக்கு மட்டுமே தெரிந்தவை. செயலி எழுத வேண்டிய வரி கீழே உள்ளதைப் போல இருக்க வேண்டும். உண்மையான கோப்பில் புலப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும்; வாசிக்க எளிதாகத் தமிழில் தருகிறேன். நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் உள்ளது; இந்திய நேரப்படி அது காலை 11:42.

நேரம்=2025-03-14 06:12:07.318 +00:00, கோரிக்கை_எண்=40937718, முறை=போஸ்ட், வழி=/ஆர்டர்/<எண்>/உறுதி/, நிலை=500, மில்லிவினாடி=2114, பயனர்=3381, தரவுத்தளக்_கேள்விகள்=212, பிழை=டைம்அவுட்

இந்த ஒரு வரியை நிதானமாகப் படித்தால் பாதி விசாரணை முடிந்துவிடுகிறது. பயனர் எண்ணைக் கொண்டு அழைத்தவருடைய வரி இதுதான் என்று உறுதி செய்யலாம். இரண்டு வினாடிக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒரே ஓர் ஆர்டரை உறுதி செய்யத் தரவுத்தளத்துக்கு 212 கேள்விகள் போயிருக்கின்றன என்றால், ஆர்டரிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஒரு கேள்வி போகிறது என்று உடனே சந்தேகிக்கலாம். வழி என்ற புலத்தில் முழு முகவரிக்குப் பதிலாக வழித்தடத்தின் வடிவம் மட்டும் இருப்பதும் காரணத்தோடுதான். ஆயிரம் ஆர்டர்களின் முகவரிகள் ஆயிரமாகச் சிதறிக் கிடந்தால் ‘உறுதி செய்யும் பக்கம் சராசரியாக எவ்வளவு நேரம் எடுக்கிறது’ என்ற எளிய கேள்விக்குக்கூடப் பதில் கிடைக்காது. ஆர்டர் எண்ணும் வேண்டுமென்றால் அதைத் தனிப் புலமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு, கோரிக்கை உள்ளே போகும்போதும் பதில் வெளியே வரும்போதும் இடையில் ஓடும் மிடில்வேர் என்ற சிறிய நிரல் ஒன்று போதும். ஜாங்கோவில் மிடில்வேர்கள் வெங்காயத் தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை என்பதால், உங்களுடையதைப் பட்டியலின் உச்சியில் வையுங்கள். அப்போதுதான் மற்ற மிடில்வேர்கள் எடுத்துக்கொள்ளும் நேரமும் கணக்கில் வரும். உள்நுழைவைச் சரிபார்க்கும் மிடில்வேர் கீழே இருக்கும்போது பயனர் எண் எப்படிக் கிடைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கோரிக்கை உள்ளே போகும்போது கிடைக்காது. பதில் திரும்பி வரும்போது கிடைக்கும். அதே கோரிக்கைப் பொருளின்மீதுதான் பயனரும் வழித்தட விவரமும் ஒட்டப்படுகின்றன. ஆகவே உள்ளே போகும்போது கடிகாரத்தைத் தொடங்கிக் கோரிக்கை எண்ணை ஒதுக்குங்கள், வெளியே வரும்போது வரியை எழுதுங்கள். கீழே எழும் பிழைகளை ஜாங்கோ தானே 500 பதிலாக மாற்றித் தருவதால், பிழையில் முடிந்த கோரிக்கைக்கும் வரி தவறாமல் எழுதப்படும்.

இரண்டு நுணுக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். எடுத்த நேரத்தை அளக்கச் சுவர்க் கடிகாரத்தைப் பயன்படுத்தாதீர்கள். நேர ஒத்திசைவின்போது அது முன்னும் பின்னும் நகரும். பின்னோக்கி ஓடாத மோனோடோனிக் கடிகாரத்தைப் பெரும்பாலான மொழிகள் தருகின்றன. அடுத்ததாக, பிழை தேடுவதற்கான டீபக் நிலையில் இருக்கும்போது மட்டுமே ஜாங்கோ தரவுத்தளக் கேள்விகளைத் தானாகச் சேமித்துவைக்கும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் உண்மையான சர்வரில் அவற்றை எண்ண, 2.0 பதிப்பிலிருந்து கிடைக்கும் எக்ஸிக்யூட் ராப்பர் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். எண்ணுவதற்காக டீபக்கை இயக்கிவிடாதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் எக்ஸ்பிரஸ் என்ற வலைக் கட்டமைப்பை வைத்திருப்பவர்களுக்கு, லாக் எழுதும் மார்கன் என்ற பொதி பல காலமாகப் பழக்கமானது. நீங்களே எழுதுவதானால் பதில் பொருளின் ‘ஃபினிஷ்’ நிகழ்வை மட்டும் கவனிப்பது போதாது. பயனர் பாதியிலேயே இணைப்பைத் துண்டித்தால் அது எழாமல் ‘க்ளோஸ்’ மட்டும் எழும். இரண்டையும் கவனித்து, எது முதலில் வந்தாலும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: பிழைகளைக் கண்டுபிடிக்க உதவும் என்று கோரிக்கையின் உடலையும் (பயனர் அனுப்பும் உள்ளடக்கம்) ஹெடர்களையும் (அதோடு வரும் தலைப்பு விவரங்கள்) முழுவதுமாக லாக்கில் எழுதுகிறோம். கடவுச்சொல் புலத்தை மட்டும் நட்சத்திரக் குறிகளாக மாற்றிவிடுகிறோம். இது போதுமான பாதுகாப்புதானே?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: இல்லை, அம்மா. இதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது; நீங்கள் செய்வதையே பல ஆண்டுகளுக்கு முன் நானும் செய்திருக்கிறேன்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், உள்நுழைவுப் பக்கத்தின் கடவுச்சொல் புலத்தை மறைக்கும் வடிகட்டியை நான்தான் எழுதினேன். சரியாகவே வேலை செய்தது. சில மாதங்கள் கழித்து மொபைல் செயலிக்காகக் கடவுச்சொல் மாற்றும் பக்கம் ஒன்று புதிதாக வந்தது. அதை எழுதியவர் பழைய கடவுச்சொல், புதிய கடவுச்சொல் என்று இரண்டு புலங்களுக்கும் வேறு பெயர்களை வைத்திருந்தார். அதில் தவறேதும் இல்லை. என் வடிகட்டிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. வேறொரு கோளாறைத் தேடி ஒருநாள் லாக்கைப் புரட்டியபோது, ஒரு வாடிக்கையாளரின் பழைய கடவுச்சொல்லும் புதிய கடவுச்சொல்லும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வடிகட்டியைத் திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் அந்தக் கோப்பு பேக்கப்பில் ஏறியிருந்தது, தேடல் சர்வரில் அட்டவணையாகியிருந்தது, சோதனைக்காக மூன்று மடிக்கணினிகளில் நகலெடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் இடமாகத் தேடி அழித்து, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவித்து, அவர்களைக் கடவுச்சொல்லை மாற்றச் செய்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. அந்த வரியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம், கடவுச்சொற்கள் ஹேஷ் செய்யப்படுவதற்கு (திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றப்படுவதற்கு) முன்பே உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டுவந்ததை அறிவித்து, 33 கோடிக்கும் மேற்பட்ட தன் பயனர்கள் எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றுவது பற்றி யோசிக்குமாறு கேட்டுக்கொண்டது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் கிட்ஹப், கடவுச்சொல்லை மீட்டமைத்த சிலருடைய கடவுச்சொற்கள் தன் உள் லாக்கில் பதிவாகியிருந்ததாகத் தெரிவித்திருந்தது. தரவுத்தளத்தில் எவ்வளவு கவனமாகக் கடவுச்சொல்லைப் பாதுகாத்தாலும், லாக் என்ற பக்கவாசல் திறந்திருந்தால் அந்தக் கவனத்துக்குப் பயன் இல்லை.

வழி என்னவென்றால், எதை மறைப்பது என்று பட்டியலிடுவதை விட்டுவிட்டு, எதை எழுதலாம் என்று மட்டும் பட்டியலிடுங்கள். நாளைக்கு யாராவது புதிய புலம் ஒன்றைச் சேர்த்தால், முதல் முறையில் அது தானாக லாக்குக்குள் போய்விடும். இரண்டாவது முறையில் தானாக வெளியே நின்றுவிடும். மனிதர்கள் மறப்பது இயல்பு என்பதால், மறந்தாலும் கெடுதல் வராத பக்கத்தில் நிற்பதே நல்லது. கோரிக்கையின் உடலை எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. ஹெடர்களில் ஆதரைசேஷனும் குக்கியும் எக்காரணம் கொண்டும் கூடாது. அவை கையில் கிடைத்தால் கடவுச்சொல்லே தேவைப்படாமல் அந்தப் பயனராக உள்ளே நுழைந்துவிடலாம். ஓடிபி, ஆதார் எண், கார்டு எண் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். கார்டின் சிவிவி எண்ணைப் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது என்று கார்டு பாதுகாப்புக்கான பிசிஐ தரவிதிகள் சொல்கின்றன; ‘எந்த வடிவிலும்’ என்பதில் லாக்கும் அடக்கம்.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதி. கடவுச்சொல் மீட்டமைப்புக்காக மின்னஞ்சலில் அனுப்பும் இணைப்பில், உள்ளே விடும் இரகசியக் குறியான டோக்கன் பல செயலிகளில் அங்கேதான் இருக்கும். செயலியில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்ஜின்எக்ஸின் வழக்கமான வடிவம் கோரிக்கையின் முதல் வரியை அப்படியே எழுதுவதால், டோக்கனும் கூடவே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே கேள்விக்குறிக்கு முந்தைய பாதையை மட்டும் எழுதும்படி வடிவத்தை மாற்றுங்கள். டோக்கனையும் ஒரு முறை பயன்படுத்தியதும் செல்லாததாகும்படி அமையுங்கள்.

கேள்வி: வெறும் எழுத்துகளைக் கோப்பில் எழுதுவதால் மட்டுமே ஒரு சர்வர் தாக்குதலுக்கு உள்ளாக முடியுமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: முடியும் என்பதை 2021 டிசம்பரில் உலகமே கண்டது. ஜாவாவில் மிகப் பலர் பயன்படுத்திய லாக்4ஜே நூலகத்தில், லாக்கில் எழுத வரும் செய்திக்குள் குறிப்பிட்ட வடிவில் ஒரு குறிப்பு இருந்தால் அதைத் தொடர்ந்து போய் வெளிச் சர்வரிலிருந்து பொருளை எடுத்து வரும் வசதி இருந்தது. தாக்குபவர் யூசர் ஏஜென்ட் ஹெடரிலோ உள்நுழைவுப் பெயரிலோ அந்தக் குறிப்பை வைத்து அனுப்பினால், சர்வர் அதை லாக் செய்யும் அந்தக் கணத்திலேயே அவருடைய நிரல் உள்ளே ஓடக்கூடும். லாக்4ஷெல் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டைக்கு அபாய அளவுகோலில் உச்ச மதிப்பான 10 தரப்பட்டது.

அவ்வளவு பெரிதல்லாத, ஆனால் அன்றாடம் நடக்கக்கூடிய ஆபத்து வேறொன்று. பயனர் அனுப்பும் பெயருக்குள் புதிய வரிக் குறியை நுழைத்து, அதற்குப் பின்னால் ‘நிர்வாகி வெற்றிகரமாக உள்நுழைந்தார்’ என்பது போன்ற பொய் வரியைச் சேர்த்து அனுப்பினால், வெற்று உரையாக எழுதும் லாக்கில் அது உண்மையான வரியைப் போலவே நிற்கும். புலப் பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் வடிவில், அதற்குரிய நூலகத்தின் மூலம் எழுதினால் அந்தக் குறி எழுத்தாக மாற்றப்பட்டு ஒரே வரிக்குள் அடங்கிவிடும். சரங்களை நாமே ஒட்டி ஜேசன்போலச் செய்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வெளியிலிருந்து வரும் எந்த மதிப்பையும் புலமாகக் கொடுங்கள். செய்தியின் வாக்கியத்துக்குள் கலக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் செயலி லாக்கில் எல்லாப் பயனர்களின் ஐபி முகவரியும் 127.0.0.1 என்றே வருகிறது. ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் செயலியோடு நேரடியாகப் பேசுவது பயனரின் உலாவி அல்ல, அதே இயந்திரத்தில் முன்னால் நிற்கும் பிராக்ஸி (என்ஜின்எக்ஸ் போன்ற இடைச் சர்வர்); 127.0.0.1 என்பது ‘இதே இயந்திரம்’ என்று பொருள்படும் முகவரி. உண்மையான முகவரியை அது எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடரில் வைத்து அனுப்பும்படி அமைக்க வேண்டும். ஆனால் அந்த ஹெடரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பயனரே அதில் ஏதேனும் ஒரு முகவரியை இட்டு அனுப்ப முடியும், பிராக்ஸி அதன் வலப்பக்கத்தில் தான் கண்ட முகவரியைச் சேர்க்கும். உங்களுக்குச் சொந்தமான பிராக்ஸிகள் எத்தனை என்று எண்ணி, வலப்பக்கத்திலிருந்து அத்தனையாவது மதிப்பை மட்டும் எடுங்கள். இடது ஓரத்தில் இருப்பதை எடுத்து முகவரி வாரியாகத் தடை விதிக்கும் செயலிகளை ஏமாற்றுவது மிக எளிது.

கேள்வி: எங்கள் செயலி ஏழு சிறு சேவைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் லாக் எழுதுகிறது. ஒரு பயனரின் ஒரே கோரிக்கை எந்தெந்தச் சேவைகளைத் தொட்டது என்று கோக்க முடியவில்லை.
– மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: முதல் வாசலில், அதாவது என்ஜின்எக்ஸிலோ, கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிரும் லோட் பேலன்சரிலோ, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, அதை எக்ஸ்-ரிக்வெஸ்ட்-ஐடி என்ற ஹெடரில் உள்ளே அனுப்புங்கள். ஒவ்வொரு சேவையும் அதைத் தன் லாக் வரிகளில் எழுதி, தான் அடுத்த சேவையை அழைக்கும்போது அதே ஹெடரைக் கடத்த வேண்டும். புதிதாகத் தொடங்குவதானால், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2020இல் பரிந்துரையாக வெளியிட்ட ட்ரேஸ் கான்டெக்ஸ்ட் முறையைப் பின்பற்றலாம். ட்ரேஸ்பேரன்ட் என்ற ஹெடரில் முழுப் பயணத்துக்கும் ஓர் அடையாளமும், அழைத்த கட்டத்துக்கு ஓர் அடையாளமும் இருப்பதால், யார் யாரை அழைத்தார்கள் என்ற கிளை வடிவமும் தெரியும். ஓபன்டெலிமெட்ரி போன்ற கருவிகள் அதை அப்படியே புரிந்துகொள்கின்றன.

கடினமான பகுதி சேவைக்குள்ளேதான் இருக்கிறது. ஆழத்தில் இருக்கும் ஒரு செயற்கூறு லாக் எழுதும்போது கோரிக்கை எண் அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு செயற்கூறுக்கும் அளவுருவாகக் கடத்திக்கொண்டே போவது நடைமுறைக்கு ஒத்துவராது. எண்ணை ஒரு முறை வைத்துவிட்டு அந்தக் கோரிக்கை முழுவதும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ள, பைத்தான் 3.7இலிருந்து கான்டெக்ஸ்ட்வார்ஸ் என்ற தொகுதியும், நோட்.ஜேஎஸ்ஸில் அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜும், ஜாவாவின் லாக் நூலகங்களில் எம்டிசியும் இருக்கின்றன.

எம்டிசியைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது. அது த்ரெட்டோடு, அதாவது நிரலின் ஓர் ஓட்ட இழையோடு, ஒட்டிக்கொண்டிருப்பது. சர்வரோ ஒரே த்ரெட்டை அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கு மறுபடி மறுபடி பயன்படுத்துகிறது. கோரிக்கை முடியும்போது அதைத் துடைக்காமல் விட்டால், முந்தைய பயனரின் எண் அடுத்தவருடைய வரியில் வந்து நிற்கும். எண் இல்லாத வரியைப் பார்த்தால் ‘ஏதோ விடுபட்டிருக்கிறது’ என்றாவது தெரியும். தவறான எண் உள்ள வரி சாட்சி சொல்வதுபோலப் பொய் சொல்லும், நாமும் நம்பிவிடுவோம். ஆகவே துடைக்கும் வரியை, பிழை எழுந்தாலும் எழாவிட்டாலும் கட்டாயம் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வையுங்கள். இன்னொரு வேண்டுகோள்: பயனருக்குக் காட்டும் பிழைப் பக்கத்திலும் அந்தக் கோரிக்கை எண்ணை அச்சிடுங்கள். தொலைபேசியில் அவர் அதை வாசித்துக் காட்டினால், திருப்பூர் வாசகருக்குச் சொன்ன ஐந்து வரிக் குழப்பமே எழாது.

கேள்வி: லாக் கோப்பு வளர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. கோப்பை அழித்தோம், ஆனாலும் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. மேலும், இவ்வளவு எழுதுவதால் செயலி மெதுவாகாதா?
– வாசகர், மதுரை

பதில்: லினக்ஸில் ஒரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது அதை அழித்தால், பெயர் மட்டுமே மறைகிறது; நிரல் அதை மூடும்வரை இடம் விடுபடாது. பழைய லாக் கோப்பை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் லாக்ரொட்டேட் போன்ற கருவியிடம் இந்த வேலையை ஒப்படைத்து, கோப்பை மாற்றிய பின் என்ஜின்எக்ஸுக்கு யுஎஸ்ஆர்1 சமிக்ஞை அனுப்பச் செய்யுங்கள். அது புதிய கோப்பைத் திறந்துகொள்ளும். செயலியைத் தனிப் பெட்டியாக (கன்டெய்னர்) அடைத்து ஓட்டும் டாக்கரில் ஓட்டுகிறீர்கள் என்றால், செயலி ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் (திரையில் எழுதும் வழக்கமான வழி) எழுதினால் போதும். ஆனால் அதை வாங்கிக் கோப்பில் எழுதும் டாக்கரின் ஜேசன்-ஃபைல் டிரைவர், நாம் சொல்லாதவரை கோப்பின் அளவுக்கு எந்த வரம்பும் வைப்பதில்லை. அந்த ஓர் அமைப்பை மறந்ததால் நின்றுபோன சர்வர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேகத்தைப் பொறுத்தவரை, கோரிக்கைக்கு ஒரு வரி என்ற அளவில் எழுதும் செலவு, ஒரு தரவுத்தளக் கேள்விக்கு முன்னால் பெரும்பாலும் கணக்கிலேயே வராது. கவலைப்பட வேண்டிய இடம் லினக்ஸில் ஓடும் நோட்.ஜேஎஸ். அங்கே ஸ்டாண்டர்டு அவுட்புட் வழியாகக் கோப்புக்கும் பைப்புக்கும் (இன்னொரு நிரலுக்குச் செல்லும் குழாய்) எழுதுவது ஒத்திசைவாகவே நடப்பதால், வாங்குகிற பக்கம் தாமதித்தால் செயலியும் காத்திருக்கும். பைத்தானில் கியூஹேண்ட்லர் வைத்து எழுதும் வேலையைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளலாம். லோட் பேலன்சர் சில வினாடிகளுக்கு ஒருமுறை ‘உயிரோடிருக்கிறாயா’ என்று கேட்கும் கோரிக்கைகள் வெற்றி பெற்றால் அவற்றை எழுதாதீர்கள். பல சிறு தளங்களில் லாக்கின் பெரும்பகுதி அவைதான். போக்குவரத்து மிக அதிகமானால் வெற்றி பெற்ற, விரைவாக முடிந்த கோரிக்கைகளில் பத்துக்கு ஒன்றை மட்டும் எழுதலாம். பிழையில் முடிந்ததையும் தாமதமானதையும் ஒன்றுகூட விடக் கூடாது.

கேள்வி: எத்தனை நாட்கள் வைத்திருக்க வேண்டும்? சிறு நிறுவனத்துக்குச் சட்டம் ஏதாவது சொல்கிறதா?
– வாசகர், ஈரோடு

பதில்: சொல்கிறது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் வெளியிட்ட உத்தரவின்படி, சேவை வழங்குநர்களும் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை இயக்கி, தொடர்ந்து 180 நாட்களுக்குப் பாதுகாப்பாக, இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். உத்தரவில் பட்டியலிட்டுள்ள பாதுகாப்புச் சம்பவங்கள் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றை மூலமாகக் கொண்ட நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை கால நீட்டிப்பு மட்டுமே தரப்பட்டது, விலக்கு அல்ல.

செலவைப் பார்த்து அஞ்ச வேண்டாம். நாளொன்றுக்கு 4 லட்சம் கோரிக்கைகள், வரிக்கு 450 பைட்டுகள் என்றால் ஒரு நாளைக்கு 180 மெகாபைட், 180 நாட்களுக்கு 32.4 கிகாபைட். ஒரே மாதிரியான வரிகள் என்பதால் ஜிசிப்பில் சுருக்கினால் இன்னும் வெகுவாகக் குறையும். அண்மைய 30 நாட்களை மட்டும் தேடக்கூடிய நிலையில் வைத்து, மற்றதைச் சுருக்கித் தனியே வையுங்கள்.

ஆனால் காலம் முடிந்ததும் அழிப்பதும் கடமைதான். மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரிகூட, தளத்தை நடத்துபவருக்கு ஆளை அடையாளம் காணும் சட்டவழி இருக்குமானால் தனிநபர் தரவாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் உள்ள திருப்பூர், ஈரோடு ஏற்றுமதியாளர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: ‘செயலி அப்படியே நின்றுவிட்டது, மறுபடி அழுத்தினேன், இரண்டு ஆர்டர் விழுந்துவிட்டது’ என்று பயனர்கள் குறை சொல்கிறார்கள். எங்கள் செயலி லாக்கில் எல்லாமே 200 (வெற்றி) என்றுதான் இருக்கிறது. பயனர் சொல்வது தவறா?
– வாசகி, சேலம்

பதில்: பயனர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். என்ஜின்எக்ஸ் லாக்கைத் திறந்து 499 என்ற நிலைக் குறியீட்டைத் தேடுங்கள். எச்டிடிபி தரவிதியில் இல்லாத, என்ஜின்எக்ஸ் தன் பயன்பாட்டுக்காகவே வைத்துக்கொண்ட குறியீடு அது. பதில் அனுப்புவதற்குள் பயனரின் பக்கம் இணைப்பை மூடிவிட்டது என்று பொருள்.

நடப்பது இதுதான். மொபைல் செயலி 15 வினாடிகள் காத்திருந்துவிட்டு இணைப்பைக் கைவிடுகிறது. என்ஜின்எக்ஸ் 499 என்றும், எடுத்த நேரம் 15.001 என்றும் எழுதுகிறது. ஆனால் பின்னால் ஓடும் பைத்தான் செயலிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது தன் வேலையைத் தொடர்ந்து, ஆர்டரைத் தரவுத்தளத்தில் எழுதி முடித்து, 22 வினாடிகள் கழித்து நிம்மதியாக 200 என்று பதிவு செய்கிறது. அதற்குள் பயனர் மறுபடி அழுத்தியிருக்கிறார். இரண்டு லாக்குகளும் உண்மையைத்தான் சொல்கின்றன; ஒவ்வொன்றும் தான் கண்ட பாதியைச் சொல்கிறது. கோரிக்கை எண் இரண்டிலும் இருந்தால் ஒரே தேடலில் இரண்டு பாதிகளும் அருகருகே வந்துவிடும்.

எனவே என்ஜின்எக்ஸ் வடிவத்தில் கோரிக்கை எண்ணோடு, மொத்த நேரம், பின்சேவை எடுத்த நேரம் ஆகிய இரண்டையும் சேருங்கள். மொத்த நேரம் மிக அதிகமாகவும் பின்சேவையின் நேரம் குறைவாகவும் இருந்தால் தாமதம் பயனரின் நெட்வொர்க்கில், பெரும்பாலும் பெரிய படங்களை ஏற்றும்போது, இருக்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் தாமதம் உங்கள் செயலியில்தான். என்ஜின்எக்ஸில் 502 (பின்சேவை சரியான பதில் தரவில்லை) இருந்து, செயலி லாக்கில் அதற்கு இணையான வரியே இல்லை என்றால் அதற்கும் பொருள் உண்டு. பைத்தான் செயலியை ஓட்டும் கன்னிகார்ன் சர்வர், வழக்கமான அமைப்பில் 30 வினாடிகளைத் தாண்டும் ஒத்திசைவு வொர்க்கரை (ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கையைக் கவனிக்கும் துணை நிரலை) கொன்றுவிடுகிறது. கொல்லப்பட்டது கடைசி வரியை எழுத முடியாது. பணம் கைமாறும் வழித்தடங்களில் மட்டும், வேலை தொடங்கும்போதே ஒரு வரியைக் கூடுதலாக எழுதுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இரட்டை ஆர்டரைத் தடுக்க, உறுதி பொத்தானை முதன்முறை அழுத்தும்போதே மொபைல் செயலி ஒரு தனித்த எண்ணை உருவாக்கி, மறுமுயற்சிகளிலும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். சர்வர் அந்த எண்ணுக்கு ஏற்கெனவே ஆர்டர் இருந்தால் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். அந்த எண்ணையும் லாக் வரியில் ஒரு புலமாகச் சேர்த்துவிட்டு, அடுத்த ஒரு வாரத்துக்கு 499 வரிகளை நாள்தோறும் எண்ணிப் பாருங்கள். எந்த வழித்தடத்தில் அவை குவிகின்றன என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அங்கிருந்து தொடர்வோம்.